எண்டர்பிரைஸும் சைபர்வெளியும்

அறிவியல் புனைகதை உலகத்தை மாற்றியது என்று பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கருவிகளைத்தான் எண்ணிக் காட்டுவார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கேப்டன் கிர்க் மூடியைத் திறந்து பேசும் சாதனத்தைப் பார்த்துத்தான் கைப்பேசி பிறந்தது என்பது அவற்றில் மிகப் பிரபலமான கதை. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று முதல் கைப்பேசி அழைப்பைச் செய்த மோட்டரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பரே பின்னாளில் அதைத் திருத்தினார். தன் மனத்தில் இருந்தது டிக் ட்ரேசி என்ற பழைய படக்கதைத் துப்பறிவாளர் மணிக்கட்டில் கட்டிய ரேடியோதான் என்றார். ஆனாலும் கதை ஓயவில்லை.

இந்தக் கருவிக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்டார் ட்ரெக் வந்திருக்காவிட்டாலும் கைப்பேசி வந்திருக்கும். கதை எழுதப்படாமல் இருந்திருந்தால் நடந்தே இருக்காது, அல்லது வேறு விதமாக நடந்திருக்கும் என்று சொல்லத்தக்க காரியங்கள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அறிவியல் புனைகதையின் இரண்டு கிளைகளை அருகருகே வைக்கலாம். ஒன்று ஸ்பேஸ் ஆபெரா எனப்படும் விண்வெளிச் சாகசக் கதை. இன்னொன்று கணினி வலைகளும் பெருநிறுவனங்களும் ஆளும் எதிர்காலத்தைக் காட்டும் சைபர்பங்க். முதலாவதற்கு ஸ்டார் ட்ரெக்கையும், இரண்டாவதற்கு வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ நாவலையும் அதன் சுற்றத்தையும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது உலகத்துக்கு மனிதர்களைக் கொடுத்தது, இரண்டாவது ஓர் இடத்தைக் கொடுத்தது என்பது என் எண்ணம். இரண்டின் பிற்கால வாழ்க்கையும் இவ்வளவு வேறுபட்டுப் போனதற்கு இதுவே காரணம்.

ஸ்பேஸ் ஆபெரா கௌரவமான இடத்தில் பிறந்ததல்ல. 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ போன்ற மலிவுத்தாள் பத்திரிகைகளில் வளர்ந்தது. அந்தப் பெயரே 1941இல் வில்சன் டக்கர் இளக்காரமாக வைத்தது. கப்பல், கதிர்த் துப்பாக்கி, பச்சை நிற எதிரி, கடைசியில் வெற்றி என்பதுதான் அதன் வாய்பாடு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி, பிறகு லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ்காரராக வேலை பார்த்த ஜீன் ரோடன்பெரி அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்து வந்தார். 1966 செப்டம்பர் 8 அன்று என்பிசி தொலைக்காட்சியில் முதல் பகுதி ஒளிபரப்பானது. மூன்று பருவங்கள், 79 பகுதிகள். பார்ப்பவர்கள் போதவில்லை என்று 1969 ஜூனில் நிறுத்தினார்கள். அடுத்த மாதம் மனிதன் நிலவில் கால் வைத்தான்.

தொடர் காட்டிய எதிர்காலம் முழுக்கச் சிக்கனத்தில் கட்டப்பட்டது. கப்பலின் கதவுகள் தாமாகத் திறப்பதுபோல் தெரியும். உண்மையில் அரங்குக்குப் பின்னால் நின்ற ஆட்கள் அவற்றை இழுத்தார்கள். ஒவ்வொரு வாரமும் புதுக் கிரகத்தில் கப்பல் இறங்குவதைப் படமாக்கக் காசு இல்லாததால், ஒளியாகக் கரைந்து தரையில் தோன்றும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு காட்சிக்காக வினோத வடிவ உப்புக் குப்பிகளை வாங்கி வந்தார்கள். உப்புக் குப்பி என்றே யாருக்கும் தெரியாது என்று அவை ஒதுக்கப்பட்டு, பிறகு டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகள் ஆயின.

கப்பலை ஓட்டும் மேடையில் யார் உட்காருவது என்பதில் மட்டும் அந்தத் தொடர் சிக்கனம் பார்க்கவில்லை. தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா கறுப்பினப் பெண். கப்பலைச் செலுத்தும் சுலு ஆசியர். அந்த வேடத்தில் நடித்த ஜார்ஜ் டகேய், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தைப் பருவத்தில் குடும்பத்தோடு அமெரிக்க முகாமில் அடைக்கப்பட்டவர். பனிப்போரின் நடுவில், இரண்டாம் பருவத்தில், செக்கோவ் என்ற ரஷ்ய இளைஞனும் மேடைக்கு வந்தான். இதைப் பற்றி யாரும் கதைக்குள் வியப்போ விளக்கமோ தெரிவிப்பதில்லை. தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். தொடரின் பெரிய கண்டுபிடிப்பு இந்த அலட்டலின்மை என்று நினைக்கிறேன்.

உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸுக்கு முதல் பருவத்தின் முடிவில் சலிப்பு வந்துவிட்டது. அவருக்கான வசனங்களை வெட்டிக்கொண்டே வந்தார்கள். மேடை நாடகத்துக்குத் திரும்பிவிட முடிவு செய்தார். அந்த வாரக் கடைசியில் ஒரு விழாவில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்ததையும், அவர் போகக்கூடாது என்று தடுத்ததையும் நிக்கல்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். தன் குழந்தைகளை நேரம் கடந்தும் விழித்திருந்து பார்க்க அனுமதிக்கும் ஒரே தொடர் இதுதான் என்று கிங் சொன்னாராம். வசனம் எத்தனை வரி என்பதை விட, அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதே பெரிது என்பது கிங்கின் கணிப்பு. அது எவ்வளவு சரி என்பதற்குத் தென் கரோலினாவின் லேக் சிட்டி என்ற சிற்றூரில் சாட்சி இருக்கிறது.

1959இல் அங்கே ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பொது நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்கள் கேட்டான். உனக்குத் தரமாட்டோம், போகாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவோம் என்றார்கள். அவன் மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு காத்திருந்தான். போலீஸும் வந்தது, அம்மாவும் வந்தார். கடைசியில் புத்தகங்களோடுதான் வீட்டுக்குப் போனான். அவன் பெயர் ரொனால்ட் மெக்நேர். சில ஆண்டுகள் கழித்து வீட்டில் ஸ்டார் ட்ரெக் ஓடியபோது, தான் அதைக் கற்பனையாகப் பார்த்ததாகவும், தம்பி அதை நடக்கக்கூடிய காரியமாகப் பார்த்ததாகவும் அண்ணன் கார்ல் மெக்நேர் நினைவுகூர்ந்திருக்கிறார். ரொனால்ட் எம்ஐடியில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

1977இல் விண்வெளி ஓடத்துக்கு ஆள் எடுக்கும்போது, பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள் என்று கண்ட நாசா, நிஷெல் நிக்கல்ஸை ஒப்பந்தம் செய்து நாடு முழுக்க அனுப்பியது. 8,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. 1978 ஜனவரியில் 35 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த நாசாவின் விண்வெளி வீரர் பட்டியலில் முதல்முறையாக ஆறு பெண்கள், மூன்று கறுப்பினத்தவர், ஓர் ஆசிய அமெரிக்கர். சாலி ரைடு அந்த ஆறு பேரில் ஒருவர். ரொனால்ட் மெக்நேர் அந்த மூவரில் ஒருவர். எல்லாப் பெருமையையும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குக் கொடுத்துவிட முடியாது. அரசுத் துறைகள் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் 1972இல் வந்திருந்தது. சட்டம் கதவைத் திறக்கச் சொன்னது. ஆனால் உள்ளே போகலாம் என்று நம்புகிற ஆட்கள் வேண்டுமே. அவர்களை அந்தத் தொடர் பத்தாண்டுகளாகத் தயார் செய்திருந்தது.

மெக்நேர் 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தபோது இறந்தார். புத்தகம் தர மறுத்த அந்த நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரில் நினைவு மையமாக இருக்கிறது. 1992 செப்டம்பரில் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், கப்பலில் தன் பணிநேரத்தை உஹுராவின் வழக்கமான அறிவிப்போடு தொடங்கினார்.

இதே தொடரின் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்து, முதல் விண்வெளி ஓடத்துக்குத் தொடரின் கப்பலான எண்டர்பிரைஸின் பெயரை வைக்கச் செய்ததும் நடந்தது. 1976இல் கலிஃபோர்னியாவின் பாம்டேலில் அதை வெளியே கொண்டுவந்தபோது தொடரின் நடிகர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். சோதனைக்காகச் செய்த அந்த ஓடம் ஒருநாளும் விண்வெளிக்குப் போகவில்லை. கப்பலுக்குப் பெயர் வைத்தது சின்ன வெற்றி. மெக்நேரையும் ஜெமிசனையும் மேலே அனுப்பியதோடு ஒப்பிட அதில் ஒன்றுமில்லை.

சைபர்பங்க்கின் பிறப்பிடம் வேறு. 1948இல் பிறந்த வில்லியம் கிப்சன் வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவை விட்டுக் கனடாவுக்குப் போய் வான்கூவரில் குடியேறியவர். அந்நகரின் கிரான்வில் தெருவில் வீடியோ விளையாட்டுக் கூடங்களைக் கடந்து போகும்போது, உள்ளே பிள்ளைகள் இயந்திரத்தின் மேல் கவிழ்ந்து நிற்கும் விதம் அவர் கண்ணில் பட்டது. உடம்பு இங்கே நிற்கிறது, ஆளோ திரைக்குப் பின்னால் எங்கோ இருக்கிறார். அங்கே ஓர் இடம் இருப்பதாகவே அந்தப் பிள்ளைகள் நம்புகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அந்த இடத்துக்கு ‘சைபர்ஸ்பேஸ்’ என்று பெயர் வைத்து, 1982இல் ஒரு சிறுகதையிலும் 1984இல் நியூரோமான்சரிலும் எழுதினார். கணினி பற்றி அவருக்கு அப்போது ஏதும் தெரியாது. ஹெர்மிஸ் என்ற பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்தார். பின்னால் சொந்தமாகக் கணினி வாங்கியபோது, உள்ளே ஒரு தட்டு கரகரவென்று சுழல்வதைக் கேட்டு ஏமாந்து போனதாகச் சொல்லியிருக்கிறார்.

அதே 1982இல் ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ திரைக்கு வந்தது. 2019 நவம்பரின் லாஸ் ஏஞ்சலஸ், ஓயாத மழை, வானளாவிய விளம்பரத் திரைகள், தெருவோர நூடுல்ஸ் கடை. பாதி எழுதிய நாவலை வீட்டில் வைத்துவிட்டுப் படம் பார்க்கப் போன கிப்சன், தன் மனத்தில் இருந்த நகரம் திரையில் ஓடுவதைப் பார்த்துப் பதறி, இடையிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டார். படம் வசூலில் தோற்றது. ஆனால் இன்றுவரை ‘எதிர்கால நகரம்’ என்று யார் படம் வரைந்தாலும் அந்த மழையும் அந்த நியான் வெளிச்சமும்தான் வருகின்றன.

நியூரோமான்சரின் நாயகன் கேஸ். திருடி மாட்டிக்கொண்டு, நரம்புகள் சிதைக்கப்பட்டு, ஜப்பானின் சிபா நகரச் சந்துகளில் போதையில் திரிகிறவன். வளர்ந்து கேஸ் ஆக வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கேஸ் போகும் இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு தலைமுறையே ஆசைப்பட்டது. ஸ்டார் ட்ரெக்கோடு வைத்துப் பார்த்தால் தலைகீழ். அங்கே எந்தக் கிரகத்தின் பெயரும் பொதுமக்கள் நினைவில் நிற்காது. ஆட்கள்தான் நிற்பார்கள்.

இலக்கியமாக எடை போட்டால் என் ஓட்டு நியூரோமான்சருக்கே. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை ஸ்டார் ட்ரெக்கின் எந்தப் பகுதியையும் விட அது கூர்மையாகப் பார்த்தது. கிர்க் பணிபுரியும் கிரகங்களின் கூட்டமைப்பில் சொத்து யாருடையது என்ற கேள்வியே எழாது. கிப்சனிடம் அதுதான் முதல் கேள்வி. அவருடைய சைபர்ஸ்பேஸ் திறந்த வெளி கிடையாது, நிறுவனங்களின் தரவுக் கோட்டைகள் நிறைந்த நிலம். உள்ளே நுழைந்தால் மூளையைப் பொசுக்கும் காவல் உண்டு. வாசித்தவர்கள் நிலப்படத்தை எடுத்துக்கொண்டார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்ற பகுதியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அதன் விளைவுகள் வேகமாக வந்தன. 80களின் இறுதியில் மெய்நிகர் உலகத் தொழில்நுட்பத்தில் இறங்கிய ஆட்டோடெஸ்க் மென்பொருள் நிறுவனம் சைபர்ஸ்பேஸ் என்ற சொல்லையே வணிகமுத்திரையாகப் பதிய முயன்றது. 1990 மார்ச் 1 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற சிறிய விளையாட்டு நிறுவனத்தில் அமெரிக்க ரகசியப் பணித்துறை சோதனை போட்டது. அவர்கள் அச்சுக்குத் தயாராக வைத்திருந்தது பகடை உருட்டி ஆடும் ஒரு சைபர்பங்க் விளையாட்டின் கையேடு. அதிகாரிகள் அதைக் கணினிக் குற்றத்துக்கான வழிகாட்டி என்று எண்ணிக் கணினிகளோடு அள்ளிக்கொண்டு போனார்கள். நிறுவனம் ஏறக்குறைய பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்ப நேர்ந்தது. 1993இல் வழக்கில் வென்றது.

இத்தகைய சோதனைகளின் சூட்டில்தான் 1990 ஜூலையில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் பிறந்தது. இணைய உரிமைக்காக இன்றும் நீதிமன்றம் ஏறும் அமைப்பு. சைபர்பங்க் தந்த நல்ல கனிகளில் முதன்மையானது இதுதான் என்பேன். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோ, கிப்சனின் சொல்லை உண்மையான வலையமைப்புக்கு எடுத்து வைத்தவர். 1996 பிப்ரவரி 8 அன்று டாவோஸில் இருந்தபடி சைபர்ஸ்பேஸின் சுதந்திரப் பிரகடனம் ஒன்றை எழுதினார். தொழில்வள நாடுகளின் அரசாங்கங்களைப் பார்த்து, இங்கே உங்களுக்கு வேலை இல்லை என்றார். நிறுவனங்களைப் பார்த்து அப்படி எதுவும் சொல்லவில்லை. நாவலில் வில்லன் யார் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. இந்த மறதிக்கு நாம் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இராணுவங்களும் வந்தன. 2016இல் வார்சா மாநாட்டில் நேட்டோ நாடுகள் தரை, கடல், வானம் போலவே சைபர்ஸ்பேஸும் ஒரு போர்க்களம் என்று ஏற்றன. நம் ஊரில் பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, சைபர் கிரைம் போலீஸிடம் புகார் கொடுக்கிறார். தட்டச்சு இயந்திரத்தில் பிறந்த இடத்துக்கு இன்று காவல் நிலையம் உண்டு. ஒரு கதைக்கு இதைவிடப் பெரிய செல்வாக்கு இருக்க முடியாது. ஆனால் இடம் என்றால் அதற்கு உரிமையாளர் வருவார், எல்லை வரும், படை வரும், வாடகை வரும். மனிதர்கள் விஷயத்தில் அப்படி இல்லை. மெக்நேரின் மனத்தில் உஹுரா உண்டாக்கிய நம்பிக்கையை என்பிசி நினைத்திருந்தாலும் திரும்ப எடுத்திருக்க முடியாது.

ஜப்பானியர்களை இங்கே விட்டுவிடக் கூடாது. அமெரிக்கச் சைபர்பங்க்குக்கு ஜப்பான் ஒரு பின்னணித் திரை, 80களின் பொருளாதாரப் பயத்தின் நிழல். ஜப்பானோ தன் சொந்த வழியில் போனது. கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’ படக்கதை 1982இலேயே, நியூரோமான்சருக்கு முன்பே, தொடங்கிவிட்டது. மாசமூனே ஷிரோ படைத்த ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ 1995இல் மாமோரு ஓஷீயின் கையில் திரைப்படம் ஆனது. அதன் நாயகி குசனாகி, உடம்பு முழுக்க நிறுவனத் தயாரிப்பாக இருக்கும்போது நான் என்பது எது என்று கேட்கிறாள். சைபர்பங்க் உலகத்துக்குள் ஒரு மனிதரை நிறுத்த முடியும் என்று காட்டியது ஜப்பான்தான். 1999இன் ‘தி மேட்ரிக்ஸ்’ அங்கிருந்து நிறைய எடுத்துக்கொண்டது.

தமிழிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கிப்சன் எழுதிய அதே 80களில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தது. 2020களில் நடப்பதாக எழுதிய கதை. இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்கத் தடை, குழந்தை பெற அனுமதிச்சீட்டு, வயதானவர்களுக்கு அரசே நாள் குறிப்பது, எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்ற தலைவன். அந்தத் தலைவனே ஒளியால் ஆன பிம்பம்தான் என்பது நாவலின் அடிவயிற்றைக் கலக்கும் திருப்பம். உலகத் தரமான கற்பனை. ஆனால் தமிழ் வாசகரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், முதலில் நினைவுக்கு வருவது ஜீனோ. புத்தகம் படிக்கிற, வாதாடுகிற, நாயகி நிலாவுக்குத் துணை நிற்கிற இயந்திர நாய். அடுத்த நாவலின் தலைப்பையே ஜீனோ பிடித்துக்கொண்டது. சுஜாதா கட்டிய இடத்தைக் காட்டிலும் அவர் படைத்த உயிர்தான் நீண்ட நாள் வாழ்கிறது.

2021 அக்டோபரில் இந்த இரண்டு கிளைகளும் ஒரே மாதத்தில் செய்திக்கு வந்தன. 13ஆம் தேதி, கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் தன் 90ஆம் வயதில், ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் ராக்கெட்டில் விண்வெளியின் விளிம்புவரை போய் வந்தார். 28ஆம் தேதி ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பெயர் சுட்டும் மெட்டாவர்ஸ் என்ற மெய்நிகர் உலகம் நீல் ஸ்டீஃபன்சன் 1992இல் எழுதிய ‘ஸ்னோ கிராஷ்’ என்ற சைபர்பங்க் நாவலில் வருவது. அதன் நாயகன் ஹிரோ மாஃபியாவுக்காகப் பீட்சா விநியோகிக்கிறான். குடியிருப்பது சாமான் போட்டு வைக்கும் வாடகைக் கிடங்கு ஒன்றில். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் மட்டும் அவனுக்கு நல்ல வட்டாரத்தில் வீடு உண்டு. மெய்யான வாழ்க்கை கிடங்காகச் சுருங்கியதால்தான் அந்த மெய்நிகர் வீடு இனிக்கிறது என்பதே நாவலின் வலி. நிறுவனம் வீட்டை எடுத்துக்கொண்டு கிடங்கை விட்டுவிட்டது. மெட்டாவர்ஸைக் கட்டும் பிரிவில் 2022இல் மட்டும் மெட்டா 1,370 கோடி டாலர் நட்டம் கண்டது.

இரண்டு கனவுகளும் பெரும் பணக்காரர்களின் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தன, பிறகு என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு ஷாட்னரிடமே இருக்கிறது. கீழே இறங்கியவர் அழுதார். மேலே கண்ட கருமை தனக்கு மரணம் போலத் தெரிந்ததாகவும், கீழே இருந்த பூமியை நாம் அழிப்பதை நினைத்துத் துக்கம் பொங்கியதாகவும் மறு ஆண்டு எழுதினார். ராக்கெட்டுக்குச் சொந்தக்காரர் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில், அவர் எதிர்பார்த்த சொற்களை ஷாட்னர் பேசவில்லை. மனிதரை அழைத்துவந்தால் இப்படி நேரும். மெட்டாவர்ஸில் இப்படி எதிர்பாராமல் அழுவதற்கு ஆள் இல்லை. இடம் மட்டும் இருந்தது.

சைபர்பங்க் எழுதுகிறவர்கள் இந்தக் குறையை உணர்ந்துவிட்டார்கள் என்பதற்கு மார்த்தா வெல்ஸின் ‘மர்டர்பாட்’ கதைகள் அடையாளம். முதல் கதை 2017இல் வந்தது. உலகம் முழுக்க நிறுவனங்களின் பிடியில், ஒப்பந்தமும் காப்பீடும்தான் சட்டம். அப்படியே கிப்சனின் நிலம். கதை சொல்வது ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான பாதுகாப்பு இயந்திரம். தன்னைக் கட்டுப்படுத்தும் பகுதியை ரகசியமாக உடைத்துக்கொண்ட அது, கிடைத்த சுதந்திரத்தில் யாரையும் கொல்லவில்லை, எதையும் கைப்பற்றவில்லை. தொலைக்காட்சித் தொடர்கள் பார்க்கிறது. மனிதர்கள் நடுவில் எப்படி நடந்துகொள்வது என்பதை அந்தத் தொடர்களின் பாத்திரங்களிடமிருந்து கற்றுக்கொள்கிறது, தன்னை வாடகைக்கு எடுத்த ஆராய்ச்சியாளர்களைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்கிறது. வாசகர்கள் அந்த உலகத்துக்குப் போக ஆசைப்படவில்லை. மர்டர்பாட்டோடு இருக்கத்தான் ஆசைப்படுகிறார்கள்.